ஸ்கேன் நார்மல், வயிற்றுவலி மட்டும் நிற்கவில்லை: பிள்ளைகளின் மனநலக் கோளாறை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மூன்று மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, சில நாள் தலைவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். காலாண்டில் மார்க் இறங்கிவிட்டது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். மாமியார் "வயசுக் கோளாறு" என்கிறார், கணவர் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார். இது மனநலப் பிரச்சினையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில், அந்த வலி நிஜம். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, குடல் தாறுமாறாக இறுகுகிறது. பரீட்சை ஹாலுக்குள் நுழையும் முன் வயிற்றைக் கலக்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். அது தினமும் காலை ஆறரைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கேனில் கல், கட்டி, வீக்கம் தெரியும். இறுக்கம் தெரியாது. அதனால் "நடிக்கிறா" என்ற சொல்லை இன்றோடு வீட்டில் நிறுத்திவிடுங்கள். நம் வீடுகளில் வயிற்றுவலி என்றால் லீவு உண்டு, மனசு சரியில்லை என்றால் அறிவுரைதான் உண்டு. எதைச் சொன்னால் காது கொடுப்பார்கள் என்று பிள்ளைகளின் உடம்புக்கே தெரிந்துவிடுகிறது.

அதற்காக "ஸ்கேனில் ஒன்றுமில்லை, அப்போ மனசுதான்" என்று தாவவும் கூடாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஆனபின் மிச்சமாக ஒட்டும் பெயரில்லை மனநலக் கோளாறு. அதற்கென்று சொந்தச் சாட்சிகள் உண்டு. டாக்டர் இருபது நிமிடம் பார்க்கிறார், நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கிறீர்கள். சாட்சி சேர்க்க வசதியான இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி 14 நாள் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து விஷயம் போதும்: வலி (எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது விட்டது), தூக்கம் (எத்தனை மணிக்குப் படுத்தாள், உண்மையில் எப்போது தூங்கினாள், எப்போது விழித்தாள்), எவ்வளவு சாப்பிட்டாள், அன்று பள்ளியில் என்ன (டெஸ்ட், பி.டி. பீரியட், புது மிஸ்), அன்று ஏதாவது ஒன்றை ஆசையாகச் செய்தாளா. மாதவிலக்கு நாட்களையும் ஓரத்தில் குறியுங்கள். "வலிக்குதா, இப்ப வலிக்குதா" என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டாம். கேட்கக் கேட்க வலி பெரிதாகும். கண்ணில் பட்டதை மட்டும், அவள் பார்க்காத நேரத்தில் எழுதுங்கள். உங்கள் கருத்தும் வேண்டாம். "திமிர் பண்ணினாள்" என்பது கருத்து. "தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குப் போனாள், 7.10" என்பது குறிப்பு.

இரண்டு வாரத்தில் அந்த நோட்டு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

திங்கள்: 6.40க்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை இட்லி. 7.50 வேனை விட்டுவிட்டாள். 10 மணிக்கு மேல் வலி இல்லை. மதியம் நன்றாகச் சாப்பிட்டாள்.
வெள்ளி: வலி, ஆனாலும் போனாள். மாலை சரியாக இருந்தாள்.
சனி: ஒன்றுமில்லை. தம்பியோடு கேரம் ஆடினாள்.
ஞாயிறு: மாலை 5 வரை ஒன்றுமில்லை. பிறகு தலைவலி. 12.15 வரை தூங்கவில்லை.

இப்படி இருந்தால் விஷயம் பள்ளியோடு கட்டிய பதற்றம். வலி வேன் நேரத்தோடு வருகிறது, வேன் போனதும் போகிறது, ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறது. தீபாவளி லீவு, காலாண்டு லீவு முடியும் முந்தைய நாள் இன்னும் பலமாக வரும். குறிப்பிட்ட கிழமையில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். செவ்வாயும் வியாழனும் என்றால் அன்றைய டைம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

நோட்டு வேறு மாதிரியும் வரலாம். சனி ஞாயிறும் அப்படியே இருக்கிறாள், கேரம் போர்டை எடுக்கவில்லை, தோழியின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டும் போகவில்லை, நடு இரவில் விழித்துக்கொண்டு கிடக்கிறாள், "ஆசையாகச் செய்தது" என்ற இடம் 14 நாளில் 12 நாள் காலியாக இருக்கிறது என்றால், பதற்றத்தோடு அல்லது பதற்றத்துக்குப் பதிலாக மனச்சோர்வு இருக்கலாம். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நோட்டு எழுதச் சொல்கிறேன்.

மூன்றாவது வகையும் உண்டு. வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஓரமாக ஒரே இடத்தில் குத்துகிறது, எடை குறைகிறது, காய்ச்சல், மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் திரும்பப் போங்கள். பழைய "நார்மல்" ரிப்போர்ட்டை நம்பி உட்கார வேண்டாம்.

மனச்சோர்வு என்றதும் எல்லோரும் அழுகையைத் தேடுகிறார்கள். இந்த வயதில் அது பல சமயம் எரிச்சலாகத்தான் வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகுத்த, பல நாட்டு மருத்துவர்கள் கையாளும் டி.எஸ்.எம்-5 அளவுகோலில் மனச்சோர்வுக்கு ஒன்பது அடையாளங்கள்: சோகமான மனநிலை, எதிலும் ஆசை விட்டுப்போவது, பசி அல்லது எடை மாற்றம், தூக்கக் கோளாறு, உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சோர்வு, தன்னைப் பயனற்றவளாக நினைப்பது அல்லது அளவுக்கு மீறிய குற்ற உணர்வு, கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய எண்ணம். இரண்டு வாரம், கிட்டத்தட்ட தினமும், குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதில் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். பிள்ளைகளுக்கென்று இரண்டு விலக்கு உண்டு: சோகத்துக்குப் பதிலாக எரிச்சல் இருந்தாலும் கணக்கு, எடை குறைய வேண்டியதில்லை, வளரும் வயதில் ஏற வேண்டிய எடை ஏறாமல் நின்றாலே கணக்கு. உங்கள் மகளின் எரிந்து விழும் குணத்தை இந்தப் பட்டியலில் வைத்துப் பார்க்காமல் "வாய் நீளுது" என்று தள்ளிவிடுவதுதான் வீடுகளில் நடக்கிற முதல் தவறு.

மாமியார் சொல்லும் வயசுக் கோளாறும் உண்மையில் உண்டு. 13 வயதுப் பெண் அறைக் கதவைச் சாத்துவாள், அம்மாவிடம் சிடுசிடுப்பாள். சாத்திய கதவுக்குப் பின்னால் பாட்டுக் கேட்கிறாளா, தோழியிடம் சிரித்துப் பேசுகிறாளா என்று கவனியுங்கள். அம்மா அப்பாவிடம் மட்டும் முறைப்பு, மற்ற இடத்தில் பழைய மாதிரியே என்றால் வயசு. தோழிகளும் வேண்டாம், டான்ஸ் கிளாஸும் வேண்டாம், விரும்பிப் பார்த்த நிகழ்ச்சியும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தால் வயசு என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. போன வருஷத்து உங்கள் மகளோடு ஒப்பிடுங்கள்.

அதற்கு நல்ல ஆவணம் அவளுடைய பள்ளி நோட்டு. ஜூன் மாதத்துக் கணக்கு நோட்டையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். முன்பு முடித்த கணக்குகள் இப்போது பாதியில் நிற்கின்றன, தேதி போட்டுவிட்டு வெற்றாக விட்ட பக்கங்கள் இருக்கின்றன என்றால் இது புதிதாக வந்த மாற்றம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவசரப் பிழை, விட்டுப்போன வரி, தொலைத்த பென்சில் என்றே ரேங்க் கார்டில் மிஸ் எழுதியிருந்தால் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறை யோசிக்க வேண்டும். அது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். பெண் பிள்ளைகள் பலரிடம் ஓட்டமும் துள்ளலும் இல்லாமல் வெறும் கனவு காண்பது போலவே இது இருக்கும் என்பதால் பல வருஷம் தப்பிவிடும். வாயால் கேட்டால் பதில் அழகாக வருகிறது, எழுதச் சொன்னால் எழுத்துப்பிழை மலிந்து கிடக்கிறது என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அழித்து அழித்துத் தாள் கிழிந்திருக்கிறது, அதே வரியை நாலு முறை எழுதியிருக்கிறாள் என்றால் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணத்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கோளாறு) பக்கம் பாருங்கள். குளியலறையில் ஒன்றரை மணி நேரம், "கை கழுவினேனாம்மா, சுத்தமாயிடுச்சா" என்று அதே கேள்வி இருபது தடவை என்பதெல்லாம் அதோடு சேரும். சுத்தபத்தமான பிள்ளை என்று பாட்டி மெச்சிக்கொண்டிருப்பார்.

கையெழுத்து நடுங்கிக் கோணலாகிக்கொண்டே போகிறது, பேச்சும் குழறுகிறது, எப்போதோ காமாலை வந்தது என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலில் தாமிரம் சேரும் வில்சன் நோய் அபூர்வம்தான், ஆனால் மருந்து உள்ள நோய். அது முதலில் குணமாற்றமாகவும் மார்க் குறைவாகவும் வேடம் போட்டுக்கொண்டு வருவதுண்டு.

உடல் பக்கம் பார்த்துவிட வேண்டியவை இன்னும் சில: ஹீமோகுளோபின் (இந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை, சோர்வும் கவனமின்மையும் அதிலேயே வரும்), தைராய்டு, கண், காது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்து பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடக்காதது போல் தொடர்ந்தால் அது கவனமின்மை இல்லை, ஒருவகை வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வீசிங்குக்கு மான்டிலூகாஸ்ட் மாத்திரை சாப்பிடுகிறாளா என்றும் பாருங்கள். மனநிலை, தூக்கம் கெடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டிருக்கிறது. நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்து பள்ளி. கிளாஸ் மிஸ்ஸிடம் போய் "எப்படிப் படிக்கிறா" என்று கேட்டால் மார்க் பற்றித்தான் பதில் வரும். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்? போன வருஷமும் அதே ஆட்கள்தானா? எந்த பீரியடில் சிக் ரூம் போகிறாள்? பாத்ரூம் போகிறாளா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. வயதுக்கு வந்த வருஷத்தில் இது இன்னும் கூடும். தலைவலிக்கும் பள்ளி வெறுப்புக்கும் அதுவே போதுமான காரணம். வேன் அண்ணனையும் ஆயாவையும் கேளுங்கள். யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்பது மிஸ்ஸைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

யாராவது தவறாகத் தொட்டது போன்ற விஷயம் வெளிவந்தால், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள், "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள், விவரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098இல் தொடங்கலாம்.

வீட்டிலேயே செய்துபார்க்க, பிள்ளைகளின் பலத்தையும் சிரமத்தையும் கேட்கும் ஒரு வினாத்தாள் உண்டு: எஸ்.டி.கியூ. 25 கேள்விகள், தமிழிலும் கிடைக்கிறது, கட்டணமில்லை. பெற்றோர் நிரப்பும் தாளில் சிரம மதிப்பெண் 40க்கு 13 வரை சாதாரணம், 14 முதல் 16 வரை எல்லைக்கோடு, 17 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் நிரப்பும் தாளில் 16லிருந்தே, பிள்ளையே நிரப்பினால் 20லிருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது சல்லடைதான், நோயின் பெயரைச் சொல்லாது. மூன்று பேர் தாளும் மூன்று விதமாக இருந்தால் குழம்பாதீர்கள். ஆசிரியர் 8 போட்டு, நீங்கள் 15 போட்டு, அவள் 23 போட்டால், உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் சமாளிக்கிறாள் என்று அர்த்தமாக இருக்கலாம். பதற்றமும் சோர்வும் விஷயத்தில் பிள்ளையின் தாளுக்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

இது என்னவோ நம் வீட்டில் மட்டும் வந்த அவமானம் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர்.

கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியைப் பெற்றோர் வாயடைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" இதே சொற்களில், சமையலறையிலோ வண்டியிலோ, முகத்தை முறைத்துப் பார்க்காத நேரத்தில் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல வழி கிடைக்கும். "ஆமா" என்றால் "எப்படின்னு யோசிச்சியா" என்றும் கேட்க வேண்டும். யோசித்திருந்தால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பூச்சி மருந்து, எலி மருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பூட்டுங்கள் அல்லது வீட்டைவிட்டே அகற்றுங்கள். இந்த வயதில் அந்த வேகம் பல சமயம் சில நிமிடங்களில் வந்து தணிவது. கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை என்பதே உயிர் காக்கும். "அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று வாங்குவதில் பயனில்லை. அடுத்த முறை சொல்லாமல் மறைக்கத்தான் அது உதவும். 14416 என்பது அரசின் இலவச மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைக்கவும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து விலக்குகிறது. கையைக் கீறிய தழும்பை மறைக்க வெயில் காலத்திலும் முழுக்கை சட்டையைக் கழற்றாதது, ஆசையாக வைத்திருந்த பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, நீண்ட நாள் வாட்டத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாவது, மூன்றுமே இந்தக் கேள்வியை அன்றே கேட்க வைக்க வேண்டும்.

15, 16 வயதுக்கு மேல் இன்னொன்றையும், அதாவது மனச்சிதைவு போன்ற தீவிர மனநோயின் அறிகுறிகளையும், சேர்த்துக்கொள்ளுங்கள்: பையன் குளிப்பதில்லை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான், தனியாகச் சிரிக்கிறான், இரவெல்லாம் விழித்திருக்கிறான். காத்து கருப்பு என்று மந்திரித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினால் மருந்து வேலை செய்வதும் தாமதமாகும். தாயத்து கட்டுவதைத் தடுக்கப்போவதில்லை. அதே வாரத்தில் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

எங்கே தவறிப்போகிறது என்றால், பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். "ஒரு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று வீட்டில் நிறுத்துகிறார்கள். வேன் போனதும் கிடைக்கும் நிம்மதி மறுநாள் பயத்தைப் பெரிதாக்குகிறது, ஒரு மாதத்தில் திரும்பிப் போவது மலையாகிவிடும். பதற்றம் மட்டும்தான் காரணம் என்றால் முழு லீவைவிட அரை நாள் பள்ளி மேல்: முதல் வாரம் இரண்டு பீரியட், அடுத்த வாரம் மதியம் வரை, பிறகு முழு நாள், பள்ளியோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு. போகாத நாளில் திட்டு வேண்டாம், டிவியும் போனும் பள்ளி விடும் நேரம் வரை வேண்டாம். ஆனால் அங்கே யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால் அதைத் தீர்க்காமல் அனுப்புவது கொடுமை. சாகத் தோன்றும் அளவுக்குச் சோர்வு இருந்தால் சிகிச்சைதான் முதலில், பள்ளி பிறகு. "போன்தான் காரணம்" என்று பிடுங்குவதும் அப்படித்தான். எது முதலில் வந்தது என்று பாருங்கள். மனம் வாடிய பிள்ளை ஒளிந்துகொள்ளும் இடமாகப் பல சமயம் போன் இருக்கிறது.

யாரிடம் போவது? முதலில் குழந்தை மருத்துவர், அவர் வழியாக மனநல மருத்துவர். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் உண்டு. 14 நாள் நோட்டு, பழைய ரேங்க் கார்டுகள், இரண்டு கணக்கு நோட்டுகள், எல்லாச் சீட்டுகளும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொல்லி அவளோடு தனியாகப் பேசுவார். அதில் மனத்தாங்கல் வேண்டாம், பாதிப் பதில் அப்போதுதான் வரும். உள்ளே போனவுடன் அறிவுரை மட்டும் சொல்லிப் பதினைந்து நிமிடத்தில் அனுப்புகிறவர் கவுன்சலிங் செய்யவில்லை, வேறொருவரைத் தேடுங்கள். மாத்திரை கொடுத்தால், மனச்சோர்வுக்கான மருந்து முழுதாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆரம்ப வாரங்களில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவில் 2004இலேயே எச்சரிக்கை வந்தது. அந்த வாரங்களில் பக்கத்தில் இருங்கள், எதுவானாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்றும் யோசித்து வையுங்கள். துணிக்கடைக்கு என்று சொல்லி கிளினிக் வாசலில் இறக்கினால் அதன்பிறகு அவள் எதையும் நம்ப மாட்டாள். இப்படிச் சொல்லலாம்: "உனக்கு வலிக்கிறது நிஜம்னு எனக்குத் தெரியும். ஸ்கேன்ல தெரியாத வலியையும் பார்க்கிற டாக்டர் இருக்காங்க. நீ பேசணும்னா பேசு, இல்லைன்னா முதல் நாள் நான் பேசறேன்." பாட்டி கேட்டால் எந்த டாக்டர் என்று சொல்வது என்பதை மட்டும் அவளே முடிவு செய்யட்டும்.